மெசின் வாளின் மறுமுனை

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. ஸ்டோரில் சங்கு ஊதினால்கூட வெளியே வந்து வெயிலைப் பார்த்துவிட்டுத்தான் நேரத்தை நம்புவேன். ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை அரைக்கும் அந்த ஸ்டோரில், மெசின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. எந்த மெசினையும் நான் நம்பியதில்லை, அதனாலேயே என் கையில் எதுவும் அதிகம் கெட்டதுமில்லை.

அந்த நாளில் எனக்கு மரம் அறுக்கும் மெசின் வாள் பைத்தியம் பிடித்திருந்தது. சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரை பங்களாவுக்குப் பின்னால் ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் துருவேறிக் கிடந்த இன்னொன்றைக் கெஞ்சி வாங்கினேன். மூன்றாவதை ஹட்டன் பழைய இரும்புக் கடையில் பார்த்து, மூட்டையாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றி வந்தேன். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு இருந்ததே ஒரு காம்பரா, ஒற்றை அறை. "அடுப்பையும் வெளிய தூக்கி வச்சிட்டு அங்கயும் இரும்பையே போடுங்க," என்றாள் மனைவி. ஒரு வருஷம் பாடுபட்டு, செத்த மூன்றிலிருந்து உயிருள்ள ஒன்றை எடுத்தேன். அது முதன்முதலாக உறுமியபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அது இரண்டு ஆள் பிடிக்கிற வாள். ஒரு முனையில் இஞ்சின், அதை நான் பிடிப்பேன். நடுவே, பல் வைத்த சங்கிலி சுற்றி ஓடும் நீளமான பட்டை. மறுமுனையில் ஒரு கைப்பிடி மட்டும். அதைப் பிடிக்க மனைவியின் அண்ணனைக் கேட்டு வாங்கினேன். அவர் தேயிலைச் செடியின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், கை ஆடாது. மூன்று பிள்ளைகளோடு எங்கள் பக்கத்துக் காம்பராவில்தான் இருந்தார். ஒரு மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நட வேண்டியிருந்தது. அங்கே நின்ற நிழல் மரங்களை எல்லாம் நாங்கள் இருவரும் அறுத்துச் சாய்த்தோம்.

ஆயுத பூஜை முடிந்த அடுத்த நாள் தொல்லை ஆரம்பித்தது. ஏழெட்டு நிமிஷம் வாள் நன்றாக அறுக்கும், அப்புறம் இருமி இருமி நின்றுவிடும். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், கார்புரேட்டரைப் பிரித்து ஊதினேன். குறை ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் டாங்கி மூடியைத் திறந்து பெட்ரோலை மோந்து பார்த்தேன், மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதோ என்று. மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தால் உடனே ஓடியது. மறுபடி ஏழெட்டு நிமிஷம்தான்.

ஸ்டோரிலிருந்து பெட்ரோல் டின்னைத் தூக்கி வருகிறவர் மச்சான். வழியில் தோட்டத்து லொறி டிரைவரோடு நின்று பேசிவிட்டு வருவதை இரண்டு நாள் பார்த்தேன். பெட்ரோலை அவனுக்கு ஊற்றிவிட்டு மண்ணெண்ணெயால் நிரப்புகிறாரோ? மூக்குக்கு எதுவும் பிடிபடவில்லை. அப்படியானால் வாசம் தெரியாத அளவுக்குக் கலக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். என் புத்தி அப்படித்தான் ஓடும்.

"மாப்ள, நீங்க மூடியத் தொறந்து மோந்தாத்தான் இது ஓடுது. தொறக்காட்டி நின்னுருது, கவனிச்சீங்களா?" என்றார் ஒருநாள், சிரித்துக்கொண்டே.

என்னைக் கேலி செய்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. திருடுகிறவனுக்கு வாய் வேறா என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

பெட்ரோல் திருட்டு என்றால் பத்துச்சீட்டுதான். வேலை போகும், அதோடு காம்பராவும் போகும். மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவர் எங்கே போவார்? இதெல்லாம் தெரிந்துதான் அன்று சாயங்காலம் மலைவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் போனேன். "பெட்ரோல்ல ஏதோ நடக்குதுங்க. கொஞ்சம் விசாரிங்க," என்றேன். பேர் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டின்னைத் தூக்குகிறவர் ஒருவர்தானே, பேர் எதற்கு?

மறுநாள் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் எல்லாரையும் வேலைக்குக் கூப்பிட்டார்கள், மச்சானைக் கூப்பிடவில்லை. துரை வரும்வரை ஆபீஸ் வாசலில் நிற்கும்படி சொன்னார் கண்டாக்கையா. மச்சான் கம்பளித் துண்டைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் வேறொரு ஆளோடு மலை ஏறினேன். அன்று பெட்ரோலை அளந்து ஊற்றியதும் நானே, டின்னைச் சுமந்ததும் நானே. ஏழெட்டு நிமிஷத்தில் வாள் இருமியது, நின்றது.

மெதுவாக மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடியின் நடுவில் ஊசித் துளை ஒன்று உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க டாங்கிக்குள் காற்று போவதற்கான வழி அது. அந்தத் துளையின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து இறுகிக் கிடந்தன. ஆயுத பூஜையன்று மற்ற இடமெல்லாம் சின்னப் பொட்டு வைத்த நான், வாளுக்கு நெற்றி மாதிரி இருக்கிறதே என்று அந்த மூடிக்குப் பெரிதாக அப்பியிருந்தேன். மறுநாள் எல்லாவற்றையும் துடைத்தவன் அதை மட்டும் அழிக்க மனமில்லாமல் விட்டுவைத்தேன். மோந்து பார்க்க ஒவ்வொரு தடவையும் நான் திறந்தபோதுதான் அதற்கு மூச்சு வந்திருக்கிறது. மச்சான் சொன்னது கேலியே இல்லை, நோயைத்தான் சொல்லியிருக்கிறார்.

வாளை அப்படியே போட்டுவிட்டு மூடியோடு ஆபீசுக்கு ஓடினேன். துரை இன்னும் வரவில்லை. மூடியைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். கண்டாக்கையா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நீயெல்லாம் ஒரு மெசின்காரன்," என்று மூடியை என் கையில் வைத்தார். மச்சானிடம், "நீ மலைக்குப் போ," என்றார். மச்சான் என்னைப் பார்க்கவில்லை. அன்று அவர் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு வேறு மலைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் எங்கள் காம்பரா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தங்கையைக் கூப்பிட்டு இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினார்.

"மோந்து பாரு தங்கச்சி. களவாண்ட கையான்னு நீயே சொல்லிரு."

என் மனைவி மோந்து பார்க்கவில்லை. அந்தக் கைகளைப் பிடித்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் எழுந்து வாசலுக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை. அவர் போன பிறகு அவள் எனக்குச் சோறு போட்டு, தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, அண்ணன் வீட்டில் போய்ச் சாப்பிட்டாள்.