கரையில் நின்ற தையல் மிஷின்

போர் நாட்களில் ஷெல்லடிக்குப் பயந்து வவுணதீவிலிருந்து வாவியைக் கடந்தபோது, எங்கள் தோணியில் ஒரு தையல்காரர் இருந்தார். ஒல்லியான மனிதர். காலால் மிதிக்கும் தன் மிஷினை அணைத்துப் பிடித்திருந்தார். புறப்படும் நேரத்தில் ஒரு பெண் கைக்குழந்தையுடன் ஓடி வந்தாள்.

“இனிப் பாரம் தாங்காது,” என்றார் தோணிக்காரர்.

தையல்காரர் மிஷினைக் கரையில் இறக்கிவிட்டு அவளுக்கு இடம் கொடுத்தார். அது அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

பல மாதங்களுக்குப் பின் புளியந்தீவில் ஒரு கடை வாசலில் அவரைக் கண்டேன். கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். பழக்கத்தில் கால் மட்டும், அங்கே இல்லாத மிதியை மிதித்துக்கொண்டிருந்தது.

“மிஷின நினைச்சாக் கவலையா இல்லையா அண்ணன்?”

“கவலைதான் மனே. ஆனா அந்தப் புள்ள இப்ப நடக்குது, தெரியுமா? நேத்து இதால போகக்குள்ள என்னப் பார்த்துச் சிரிச்சிச்சி.”

சொல்லிவிட்டு அவரும் வாய்விட்டுச் சிரித்தார். தொழிலை இழந்து நின்ற அந்த மனிதர்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.