ஸ்டெல்லாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர்

கோலார் தங்கவயலின் ஊரிகம் ஸ்டேஷனில் தினமும் எங்களோடு பெங்களூர் ரயில் ஏறும் ஸ்டெல்லா, ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தவள்.

ஒரு வருடமாக ரயிலிலேயே பில்லிங் கற்றுக்கொண்டிருந்தாள். கையில் மொபைல், மடியில் நோட்டு.

போன வாரம் அங்கே பில் போடும் பெண் திடீரென்று வேலையை விட்டு நின்றுவிட, "எனக்குத் தெரியும் சார்" என்று இவளே மேனேஜரிடம் போய் நின்றிருக்கிறாள். போட்டும் காட்டியிருக்கிறாள். இன்று முதல் அந்த வேலை அவளுக்கு.

சந்தோஷமாக எழுதியிருக்க வேண்டிய பதிவு இது.

எங்கள் பெட்டியில் சீட்டாடும் அண்ணன் ஒருவர். "இன்னா, கலெக்டராவப் போறியா?" என்று வருடம் முழுக்க அவளைக் கிண்டல் செய்தவர். இன்று பெட்டிக்கே கேட்கும்படி சொன்னார்: "நாந்தான் சொல்லி சேத்துவுட்டேன்."

ஸ்டெல்லா நிதானமாகக் கேட்டாள்: "யார்கிட்டண்ணா சொன்னீங்க? எங்க மேனேஜர் பேரு இன்னா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பங்காருபேட்டை வந்ததும் அவள் பக்கம் குனிந்து, "எங்க மருமகளுக்கும் அங்க ஏதாவது பாரும்மா" என்றார்.

அவரைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. அவருடைய கிண்டலுக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், கொஞ்சம் என்னை நினைத்தும்.

உங்கள் ரயிலிலும் இப்படி ஒருவர் இருப்பாரே? பேர் வேண்டாம், எந்த ஸ்டேஷனில் ஏறுகிறார் என்று மட்டும் சொல்லுங்கள்.