கமலாம்பிகை ரீச்சரின் நைல்

பத்மநாதன் கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்த நாளிலிருந்து ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் முதுகு ஒடிய உழைத்தவர். ஊருக்கு நல்ல மனிதர். ஆனால் மனைவி கேட்ட எதையும் நேரத்துக்குச் செய்து கொடுத்தவர் என்று யாரும் சாட்சி சொல்ல வரமாட்டார்கள்.

மனைவி கமலாம்பிகை யாழ்ப்பாணத்தில் சரித்திர ரீச்சர். இங்கே ஹோட்டல் துவாய்களை மடித்தார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் நைல் நதி.

யாழ்ப்பாணத்தில் ஆறே கிடையாது. கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த ரீச்சர், கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆறு படிப்பித்த கூத்தை என்னவென்று சொல்வது? மோர்னிங்சைட் வீட்டுக் குசினியில் வெங்காயம் வெட்டும்போதும் அதே பாடம்தான்.

"இஞ்சாருங்கோ, அங்க மழையே இல்லை. எங்கயோ தூரத்து மலையில பெய்யிறதுதான் கோடையில வெள்ளமா வரும். வெள்ளம் நிக்குமட்டும் கமக்காரருக்கு வயல் வேலை இல்லை, அரசன் கல்லுச் சுமக்கக் கூப்பிட்டிடுவான். வத்தினாப் பிறகு கறுத்த வண்டல்ல விதைப்பு, பிறகு அறுப்பு. அவைக்கு வருசத்தில மூண்டே காலம், அதையும் ஆறுதான் பிரிச்சது. வெள்ளம் குறைஞ்சா பஞ்சம், கூடினா வீடு போயிடும். வரி போடுறதும் தண்ணி ஏறின உயரத்தைப் பாத்துத்தான்."

பத்மநாதன் "ஓம், ஓம்" என்று சோற்றைப் பிசைவார். பாதி காதில் விழாது.

புற்றுநோய் முற்றிய கடைசிக் கிழமையில் ரீச்சர் கேட்டது ஒன்றே ஒன்று.

"என்ரை சாம்பலை நைலில விடுங்கோ. வாழ்நாள் முழுக்க வாயாலதான் அந்த ஆத்தில போனனான்."

இந்த முறை பத்மநாதனுக்கு முழுவதும் கேட்டது. ஓம் என்றார்.

செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோடு அஸ்தியைக் கரைத்துவிடுவதுதான் வழக்கம். அவர் கரைக்கவில்லை. ஐயர் முகம் சுளித்தார், சனத்தின் வாய்க்கு அவல் கிடைத்தது. அஸ்திச் செம்பை அலுமாரிக்குள் வைத்துவிட்டு டிசம்பருக்கு கெய்ரோவுக்கு டிக்கெட் போட்டார். ஆனால் எங்கே போகிறார் என்று மகள் நிரூபாவிடம்கூட வாய் திறக்கவில்லை. கங்கை என்றால் மெச்சுவார்கள், நைல் என்றால் மனிசனுக்கு விசர் என்பார்கள். அந்த வெட்கம்தான் அவரைக் கெடுத்தது.

நவம்பரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் நிரூபா சாப்பாடு தூக்கமில்லாமல் கிடந்தாள். பிழைத்து வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் அலுமாரியைத்தான் திறந்தார். செம்பு இல்லை.

"நான்தான் எடுத்தனான் அப்பா," என்றாள் நிரூபா. "அதை வீட்டில வச்சிருந்தபடியாத்தான் உங்களுக்கு இப்பிடி வந்ததெண்டு எல்லாரும் சொல்லிச்சினம். எனக்குப் பயம் வந்திட்டுது. ஐயரைக் கூட்டிக்கொண்டு போய் லேக்கில கரைச்சிட்டன்."

பத்மநாதன் கட்டிலில் இருந்துவிட்டார். உயிரோடு திரும்பி வந்ததே வீண் என்று தோன்றியது. யாரை ஏசுவது? அவரைக் காப்பாற்றத்தான் பிள்ளை செய்திருக்கிறாள். அவர் சொல்லியிருந்தால் செய்திருக்கவும் மாட்டாள்.

"அழாதேங்கோ அப்பா. அம்மா தண்ணியோட போயிட்டா."

"ஏரி ஓடாது பிள்ளை," என்றார் அவர். "கொம்மா அங்கயேதான் நிக்கிறா."