என் மகளின் சடங்கும் நாத்தனாரின் சேனலும்

என் கணவரின் அக்கா ஒரு சேனல் நடத்துகிறார். அரியாங்குப்பத்தில் அவர் வீட்டு அடுப்பில் கொதிக்கும் மீன் குழம்பில் தொடங்கி வாசலில் போடும் கோலம் வரைக்கும் எல்லாம் அதில் வரும். மரியாதைக்கு ‘அவர்’ என்று எழுதுகிறேன், நேரில் ‘அண்ணி’ என்பேன். மனசுக்குள் வேறு மாதிரிதான் கூப்பிடுவேன்.

மீன் குழம்பைப் பார்க்க ஊரில் யாரும் தவம் கிடக்கவில்லை. அந்தச் சேனல் வளர்ந்தது என் மகளை வைத்து. அவள் ஆடினால் கொஞ்சம் பேர் பார்த்தார்கள், அழுதால் நிறைய பேர் பார்த்தார்கள், பயந்து அலறினால் ஊரே பார்த்தது. இதை நாத்தனார் சீக்கிரமே கண்டுகொண்டார். என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போனாள். சாப்பிடச் சொல்லி ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தார்கள். திறந்தால் இட்லி மேல் ஒரு ரப்பர் பல்லி. குழந்தை வீறிட்டு அலறி, பாவாடையை நனைத்துக்கொண்டு ஓடியது. நாத்தனார் அதை நனைந்த பாவாடையோடு சேர்த்து வீடியோ எடுத்து, பின்னால் ஒரு சிரிப்புச் சத்தத்தையும் ஒட்டிப் போட்டார். அதற்கப்புறம் பள்ளியில் அவள் பெயரே பல்லி என்றாகிவிட்டது.

“அத எடுத்துடுங்க அண்ணி” என்று கேட்டேன்.

“நல்லா ஓடுற வீடியோம்மா அது. போயும் போயும் அதப் போய் எடுக்கச் சொல்றியே” என்றார்.

என் கணவரிடம் சொன்னேன். “அக்கா பாசத்துலதான் பண்றாங்க, விடு” என்றார். அவர் எதையும் விடு என்பதற்குள் அடக்கிவிடுவார். நான் விடவில்லை. உள்ளே வைத்துக்கொண்டேன்.

ஏழாம் வகுப்பில் அவள் பெரிய மனுஷி ஆனாள். சனிக்கிழமை, பள்ளி இல்லை, கணவர் வேலைக்குப் போயிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண் வயசுக்கு வந்தால் முதலில் அத்தைக்குத்தான் சொல்ல வேண்டும். அத்தை வந்து தலைக்கு முதல் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் மற்றவர்கள் கை வைக்க வேண்டும். அது அவர் உரிமை. என்னைப் பெற்ற அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல், முறை தவறக் கூடாதென்று முதல் போனை அவருக்குத்தான் போட்டேன். “தோ வந்துட்டேன்” என்றார்.

அரியாங்குப்பத்திலிருந்து கதிர்காமத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வர ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். அன்று பாலத்தில் வண்டிகள் நகரவில்லையாம். ஆட்டோவில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை போலிருக்கிறது. என் மகள் பட்டுப்பாவாடையில் நின்ற பழைய படம் ஒன்றை எடுத்து, சுற்றிலும் தாமரைப் பூ வைத்து, ‘எங்க வீட்டுச் செல்லம் பெரிய மனுஷி ஆயிட்டா’ என்று எழுதி ஸ்டேட்டஸ் போட்டார். சேனலிலும் போட்டார். அவர் எங்கள் மாடிப்படி ஏறுவதற்கு முன்பே செய்தி ஊர் முழுக்க ஏறிவிட்டது. பெற்ற அப்பாவே அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். உள்ளறையில் குழந்தையை உட்காரவைத்து வயிற்று வலிக்கு வெந்நீர் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அவள் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா போன் செய்து வாழ்த்துகிறாள். பக்கத்தில் அந்தப் பையன் பேசுவது எனக்குக் கேட்கிறது.

தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு அண்ணியைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

“நல்ல விஷயத்தத் தானம்மா போட்டேன். இதுல இன்னா அசிங்கம்?” என்றார்.

அசிங்கம் ஒன்றும் இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் அது அவள் உடம்பு, அவள் சேதி. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்று அவள் யோசிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

மறுபடி பள்ளிக்குப் போன முதல் நாள், வேனில் ஏறியதும் டிரைவர் திரும்பிப் பார்த்து, “வாழ்த்துக்கள் பாப்பா” என்றிருக்கிறார். நல்ல மனுஷன், நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். வேனே சிரித்ததாம். சாயங்காலம் வந்து பையைக் கீழே வைத்துவிட்டு, “இனிமே நான் வேன்ல போவ மாட்டேன்” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எதிரில் யாராவது போனைத் தூக்கினால் துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். பீச் ரோட்டில் யாரோ கடலைப் படம் எடுத்தால்கூட என் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பாள். ஒரு குழந்தைக்குத் தன் முகமே பாரமாகிவிட்டது.

முழுப் பரீட்சை முடிந்ததும் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு விழா நடத்த வேண்டும் என்று நாத்தனார் பிடிவாதமாக நின்றார். கணவர் தலையாட்டினார். மகள் மட்டும், “நான் மேடையில உக்கார மாட்டேம்மா. அத்த வீடியோ எடுத்துப் போடுவாங்க” என்றாள்.

“ஒரு படம்கூட வெளிய போகாது. அம்மா பாத்துக்கிறேன்” என்றேன்.

அவள் நம்பவில்லை. எனக்கே அப்போது வழி எதுவும் தெரியவில்லை.

வழியைக் காட்டியது நாத்தனாரேதான். பத்திரிகை வைக்கும்போதே எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மண்டபத்தில் யாரும் செல்போனில் படம் எடுக்கக் கூடாது. போன முறை ஒரு வளைகாப்பில் யாரோ உறவுக்காரப் பெண் முந்திக்கொண்டு வீடியோ போட்டுவிட்டாளாம், அதனால் இவருடையதை யாரும் பார்க்கவில்லையாம். “இந்த வாட்டி நம்ம சேனல்லதான் மொதல்ல வரணும். போட்டோகாரர் ஒருத்தர் எடுத்தா போதும்” என்றார். நான் பணிவாக, “நீங்க சொன்னா சரிதான் அண்ணி” என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மனசாரப் பணிந்ததே இல்லை.

போட்டோகாரர் எங்கள் தெருமுனையில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். அவரிடம் போய், கேமராவில் மெமரி கார்டு போடாமல் எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

“ஃபிளாஷ் அடிக்கும், சத்தம் வரும், படம் இருக்காது. இப்படி யாரும் கேட்டதில்லயேக்கா” என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். யாருடைய சேனல் என்று கேட்டார். அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“போன வாட்டி அவங்க போட்ட வளைகாப்புக்கு நான்தான்க்கா எடுத்தேன். கீழ இருந்த ஸ்டூடியோ பேர வெட்டிட்டு, அவங்களே எடுத்த மாரி போட்டாங்க” என்றார். “எனக்குக் கெட்ட பேரு வராம நீங்க பாத்துக்கணும்.”

“கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க” என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. வீட்டில் வாய் தவறிவிடக் கூடாதென்று மகளிடம்கூட நான் சொல்லவில்லை.

நான் நேரு வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். சடங்குக்குப் புடவை எடுக்க நாத்தனார் என்னிடமே வந்தார். “கேமராவுக்கு எடுப்பா தெரியணும்” என்றார். மத்தியானம் முழுக்க விரித்து விரித்துக் காட்டினேன். வெங்காயத் தோல் நிறத்தை ஒதுக்கினேன், அது படத்தில் வெளுத்துத் தெரியும். கடைசியில் மயில் கழுத்து நிறத்தில் அகலக் கரை போட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்து, விளக்கடியில் தோளில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். எந்த வாடிக்கையாளருக்கும் நான் அவ்வளவு அக்கறையாக எடுத்துக் கொடுத்ததில்லை.

விழா நாள் வந்தது. மண்டப வாசலில் நாத்தனாரே நின்று ஒவ்வொருவரையும் போனை உள்ளே வைக்கச் சொன்னார். பிறகு கைகள் இரண்டும் சீர்த்தட்டுக்கு வேண்டுமே என்று அவருடைய கைப்பையை நானே வாங்கி நகைப் பைகளோடு வைத்துப் பூட்டினேன். போன் அதற்குள் இருந்தது.

மகளை மேடைக்கு அழைத்து வந்தேன். எதிரில் கேமராவையும் விளக்கையும் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. “நீ சொன்ன, ஒரு படம்கூட வெளிய போகாதுன்னு சொன்ன” என்று முனகி, மாலையைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தாள். அவள் காதோடு குனிந்து, “கேமராவுல கார்டு இல்ல” என்றேன். அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். போட்டோகாரர் விளக்கைச் சரிசெய்வது போலக் கிட்ட வந்தார். கேமராவின் பக்கவாட்டில் இருந்த சின்ன மூடியைத் திறந்து அவள் பக்கமாகச் சாய்த்துக் காட்டினார். உள்ளே வெறும் பொந்து. மூடிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

அவள் உட்கார்ந்தாள்.

நாத்தனார் சீர்த்தட்டோடு வந்தார். வாசலிலிருந்து மேடை வரைக்கும் வந்த பிறகு போட்டோகாரர், “வெளிச்சம் சரியா விழலக்கா, இன்னொரு வாட்டி வாங்க” என்றார். திரும்பப் போய் மறுபடி வந்தார். “முந்தானைக் கரை மறையுது பாருங்க” என்றார். கனமான தட்டோடு இன்னொரு முறை நடந்தார். பொட்டு வைக்கும்போது கையை அப்படியே நிறுத்தச் சொன்னார், தலையை இன்னும் கொஞ்சம் சாய்க்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். நாத்தனார் சொன்னதையெல்லாம் செய்தார். வியர்வை கழுத்தில் இறங்கியது, ஃபிளாஷ் பளிச் பளிச்சென்று அடித்தது. நான் பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்று அணு அணுவாக அனுபவித்தேன். பல்லிக்கு ஒன்று, பாலத்துக்கு ஒன்று என்று மனசுக்குள் வரவு வைத்துக்கொண்டேன்.

என் மகளுக்கு முதலில் உதடு துடித்தது. அத்தை மூன்றாவது முறை நடந்து வந்தபோது அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். பிறகு நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்த்தாள். கண்ணை உருட்டினாள். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து நாக்கை நீட்டினாள். போட்டோகாரர் அதற்கும் ஃபிளாஷ் அடித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தை முழுசாகப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாத்தனார் அதைப் பார்த்து, “ஆனந்தக் கண்ணீரு, இதயும் எடு தம்பி” என்றார்.

மறுநாள் போன் வந்தது. “போட்டோகாரரு உன்னக் கேக்கச் சொல்றாரு. வீடியோ எங்கம்மா?”

“இல்ல அண்ணி. கார்டே போடல. நான்தான் போட வேணாம்னு சொன்னேன்.”

“அப்ப நான் அவ்ளோ செஞ்சதெல்லாம்?” என்றார்.

“செஞ்சீங்க அண்ணி. வந்தவங்கல்லாம் பாத்தாங்களே.”

“யாரு பாத்தாங்க?” என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதார். மண்டபம் நிறைய மனிதர்கள் உட்கார்ந்து பார்த்தது அவர் கணக்கிலேயே இல்லை. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்து, “அந்தப் பல்லி வீடியோவ எடுத்துடுங்க” என்றேன். வைத்துவிட்டார்.

இன்றுவரை அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கணவர் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியில் சாப்பிட்டார். “அக்கா மனசு உடைஞ்சிபோச்சு” என்றார். “விடுங்க” என்றேன். பல்லி வீடியோ இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதனால் என் கோபமும் அப்படியேதான் இருக்கிறது. இரக்கப்படச் சொல்லி யாரும் என்னிடம் வர வேண்டாம்.

போன வாரம் தலை வாரிவிடும்போது மகள் கேட்டாள். “மேடையில நான் நாக்க நீட்டுனேன்ல, எப்படிம்மா இருந்துச்சு? எனக்குப் பாக்கணும் போல இருக்கு.”

முகத்தை மூடிக்கொண்டே திரிந்தவள் இப்போது தன் முகத்தைப் பார்க்கக் கேட்கிறாள். காட்டுவதற்கு என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். கண்ணை உருட்டி, நாக்கை முழுசாக வெளியே நீட்டிக் காட்டினேன்.

“அய்ய, அப்படியில்லம்மா” என்று சிரித்துக்கொண்டே, எப்படி என்று அவள் எனக்குச் செய்து காட்டினாள். பாதிப் பின்னலோடு, துப்பட்டா இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில். இதுவும் என் நாத்தனாருக்குக் கிடைக்காது.