உடையாத முட்டி

என் மகள் எந்த விளையாட்டிலும் கடைசி. தேசிக்காய் ஓட்டமென்றால் கரண்டியிலிருந்து தேசிக்காய் விழும், சாக்கு ஓட்டமென்றால் அவளே விழுவாள். போன சித்திரை வருஷப் பிறப்புக்குப் பலாபத்வல மைதானத்தில், கயிற்றில் தொங்கும் பானையை அடித்து உடைக்கும் முட்டி விளையாட்டுக்குப் போனாள். கண்ணைக் கட்டி, கையில் தடியைக் கொடுத்து விட்டார்கள். முட்டி ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். ஓங்கிப் போட்டாள் பாருங்கள் ஒரு போடு, லவுட்ஸ்பீக்கர் பெட்டிமேல்! அன்றிலிருந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இவளைக் கண்டாலே காதைப் பொத்திக்கொள்வார்கள். இவளும் யாராவது விளையாடக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளுடைய பிறந்தநாளுக்கு நானே ஒரு முட்டி செய்து, அதே பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவர்கள் கண் முன்னாலேயே இவளை உடைக்கவைப்பது என்று முடிவெடுத்தேன். மண் முட்டி வேண்டாம், ஓடு தெறித்துக் கண்ணில் பட்டால் யார் பதில் சொல்வது? யூடியூபில் ஒரு பெண் பலூனை ஊதி, அதன்மேல் கடதாசித் துண்டுகளை ஒட்டிக் காயவைத்து, அழகான முட்டி செய்து காட்டினாள். இரண்டு சுற்று ஒட்டினால் போதுமாம்.

போதும் என்று யாரோ சொல்லி நான் எதையாவது நிறுத்தியிருக்கிறேனா? கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். வீட்டிலிருந்த பழைய பேப்பரெல்லாம் தீர்ந்ததும், கிறிஸ்மஸ் குடிலுக்கு மலை செய்ய எடுத்துவைத்திருந்த சீமெந்துப் பை ஞாபகம் வந்தது. அதையும் கிழித்து ஒட்டினேன். ஐப்பசி மழையில் எங்கே காய்வது? அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டேன். சூட்டில் உள்ளே பலூன் வெடித்தது, முட்டி அசையவில்லை. டொபியைப் போட்டு வாயை அடைத்து, பாதுகாப்புக்கென்று இன்னும் கொஞ்சம் ஒட்டினேன்.

என் வீட்டுக்காரர் விரலால் தட்டிப் பார்த்தார். "இது முட்டியா, பங்கரா?"

"ஒங்களுக்கு எதப் பாத்தாலும் நக்கல்தான்," என்றேன்.

பிறகு மகளுக்குப் பயிற்சி. தினமும் கண்ணைக் கட்டி நேராக நடக்கவைத்து, தும்புத்தடியால் தலையணையை அடிக்கப் பழக்கினேன். பிள்ளையும் வயிற்றுவலி சொல்லாமல் பழகினாள்.

பிறந்தநாளன்று ஜம்பு மரத்தில் முட்டி தொங்கியது. மகள் தடியைத் தூக்கியதும் வந்த பிள்ளைகளெல்லாம் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவள் நடந்தாள், நின்றாள், ஓங்கினாள். டொங்! நட்டநடுவில்!

"பட்டிருச்சும்மா!" என்று கண்கட்டை இழுத்தாள்.

முட்டி தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கீறல் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டே இன்னொன்று போட்டாள். சத்தம் மட்டும்தான் வந்தது.

"கையில சத்தில்ல," என்றான் ஒரு பையன். மகளின் உதடு துடித்தது. என்னையே திட்டிக்கொண்டேன். அடிப் பாவி, அவள் சரியாகத்தானே அடித்தாள், நானல்லவா கெடுத்தேன்!

"சத்துள்ளவன் நீ வாடா," என்றேன். வந்தான். தடி முறிந்ததுதான் மிச்சம். மற்றப் பிள்ளைகளும் வேறு தடியோடு ஒவ்வொருவராக வந்து மூச்சு வாங்கிக்கொண்டு போனார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த என் அண்ணன், "தள்ளுங்க, மாமா பாத்துக்கிறேன்," என்று உலக்கையோடு வந்தார். ஒரு அடி அடித்துவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர் கயிற்றை அவிழ்த்து, முட்டியைத் தூக்கித் தரையில் போட்டார். அது துள்ளிக் குதித்து, சரிவில் உருண்டு, மிளகுக் கொடிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அழப்போன என் மகளும் சிரித்தாள். அவள்தான் ஓடிப்போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கடைசியில் வீட்டுக்காரர் காட்டுக்கத்தியை எடுத்து வந்தார். மகள் முட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்பா, வெட்டாதீங்க. அடுத்த வருஷமும் இதையே கட்டுவோம்."

"ஏம்மா, டொபி வேணாமா?"

"இதுல மட்டுந்தாம்பா எல்லாரும் என்னைய மாதிரியே தோத்தாங்க."

கேக்குக்கு மெழுகுதிரி எடுத்துவருகிறேன் என்று குசினிக்குள் போய், ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தேன்.