நாரைகளுக்கு எடுத்த பாராட்டு விழா

எங்காவது குழாய் ஒலிபெருக்கி ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று கரகரத்தால் என் வாயெல்லாம் கசந்துவிடும்.

திருவாதவூர்ப் பக்கம் ஒரு கிராமம். கண்மாய்க் கருவேல மரங்களில் அடையும் நாரைகள் மிரளுமென்று அவ்வூரார் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அதைப் பாராட்டவும் பறவைகளைப் பற்றிப் பேசவும், எண்பதுகளில் ஒரு தை மாதம், மதுரையிலிருந்து எங்கள் பறவை ஆர்வலர் குழு போனது. கரையிலேயே ஒலிபெருக்கி கட்டினோம். முதல் அலறலில் வானமே கிழிந்ததுபோல் நாரைகள் மொத்தமாக எழுந்தன. மிரண்ட குஞ்சுகள் கூட்டிலிருந்து விழுந்து செத்தன.

இப்போது நான் எந்தக் கண்மாய்க்கும் மைக்கோடு போவதில்லை. கரையில் இரைந்து பேசுவதுமில்லை.

அன்று எங்களை அழைத்திருந்த விவசாயி கருப்பையா பஸ் வரை வந்தார்.

“எம் பிள்ளைக ஒரு ஓலவெடி கேட்டு அழுதும் வாங்கித் தரல, சார். நீங்க பாராட்ட வந்தீகளாக்கும்!”

“போயிட்டு வாரோம்ணே” என்றேன்.

“போங்க. வாரோம்னு மட்டும் சொல்லாதீக.”