தேக்குக் கதவைத் தட்டியவர்

காரைக்குடியில் பெரிய வீடுகளைப் பார்த்தபடி காலாற நடந்தபோது, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கூடவே வந்தார். வாசலுக்கு வாசல் நின்று, தேக்குக் கதவை விரலால் தட்டிக் காதை ஒட்டிவைத்துக் கேட்பார். என்னைப்போல் ரசிகர் என்றே நினைத்தேன்.

ஒரு வீட்டுக்குள்ளிருந்து "யாரப்பா?" என்று முதியவரின் குரல் வந்தது, பின்னாலேயே இருமல்.

"நான்தான் அப்பச்சி! சொகமா இருக்கீகளா?" என்றவர், என் பக்கம் குனிந்தார். "வெளிநாட்டுல இருக்க இவுக பிள்ளைககிட்ட பேசியாச்சு. இவுக காலத்துக்குப் பிறகு கதவு, தூணெல்லாம் பிரிச்சு எடுக்குறது நான்தான். போன மாசத்துக்கு இப்ப இருமல் கூடியிருக்கு, கேட்டீகளா?"

"அவருக்குத் தெரியுமா?"

"விழப்போற மரத்துக்கிட்ட யாராச்சும் கோடாலியக் காட்டுவாகளா?"

கதவு திறந்தது. "வெயில்ல நிக்காதீக, மோர் குடிச்சிட்டுப் போகலாம்" என்றார் பெரியவர்.

சட்டைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, பெரியவரின் கையைப் பிடித்துப் பக்குவமாக உள்ளே கூட்டிப்போனார். அத்தனை பரிவான பிடியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.